நடராஜர் ஆடினால் சிலிக்கன் பிழைக்குமா?

ஜெனீவா நகருக்கு அருகில் செர்ன் என்ற அணு ஆராய்ச்சி ஸ்தாபனம் இருக்கின்றது. அங்கே இந்திய சர்க்கார் அன்பளிப்பாகக் கொடுத்த நடராஜர் சிலையை 2004-ஆம் வருஷம் ஜூன் 18-ந் தேதி திறந்து வைத்தார்கள். அன்று முதல் நம் புராணிகர்களுக்குப் புது வேலை கிடைத்துவிட்டது. "அணு ஆடுகின்றது, நடராஜரும் ஆடுகின்றார், ஆகவே விஞ்ஞானிகள் இன்று கண்டதை நம் ரிஷிகள் அன்றே கண்டுவிட்டார்கள்" என்கின்றார்கள். பல்லவர் காலத்து வெண்கல நடராஜர் கிடைத்த கூரத்துக்காரர்களுக்கோ இந்தப் பேச்சு இரட்டிப்பு இனிப்பாய் இருக்கும். அது உண்மைதானா என்று பார்ப்போம்.

செர்னில் பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் புரோட்டான்களை எதிரெதிரே ஓடவிட்டு மோத வைக்கின்றார்கள். சிதறும் துகள்கள் போகும் வழியைக் கண்டுபிடிக்க, மோதும் இடத்தைச் சுற்றிலும் மெல்லிய சிலிக்கன் தகடுகளை அடுக்கி வைத்திருக்கின்றார்கள். தறியில் பாவு நூல் வரிசை பிசகாமல் நிற்பது போல, அத்தகட்டில் அணுக்கள் வரிசையாய் நிற்கின்றன. வேகமாய் வரும் துகள் ஓர் அணுவை இடம்விட்டுத் தள்ளினால், பாவில் ஓர் இழை அறுந்த கதைதான். இழைகள் அறுந்துகொண்டே போனால் சேலை என்னவாகும்? அப்படியே தகட்டிலும் வீண் மின்சாரம் கசிகின்றது. துகள் தரும் அடையாளம் குன்றுகின்றது. கடைசியில் தகடு குருடாகின்றது. அடுத்த கட்டமாய் அமைந்துவரும் கருவியின் உள்ளடுக்கில், ஒரு சதுர சென்டிமீட்டர் தாங்க வேண்டிய துகள்களின் கணக்கு, ஒன்றுக்குப் பின் 16 சைபர் போட்ட எண்ணையும் தாண்டும்.

இதற்கு என்ன பரிகாரம் செய்தார்கள்? அபிஷேகமா, ஹோமமா? தகட்டை நீர் உறையும் நிலைக்கும் கீழே குளிர வைத்துக் கசிவை அடக்கினார்கள். சிலிக்கனுக்குள் ஆக்ஸிஜனைப் புகுத்திப் பார்த்தார்கள். சிலவகைக் கதிருக்கு அது அதிகம் தாங்கிற்று, நியூட்ரானுக்கு அவ்வளவாய்ப் பலிக்கவில்லை. பலிக்காததை மறைக்காமல் எழுதி வைத்தார்கள். தகட்டை மெல்லியதாக்கினார்கள், அதற்குள் துளையிட்டு மின்முனைகளை நெருக்கி வைத்தார்கள். ஒவ்வொன்றையும் கதிரில் காட்டி, கெடுத்து, அளந்து, பிறகே நம்பினார்கள். அங்கேயே நிற்கும் நடராஜரை நம்பி ஒரு தகட்டையாவது குளிர வைக்காமல் விட்டார்களா?

"நம்மவருக்கு இதில் பங்கே இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு. செர்னின் சி.எம்.எஸ். என்ற பெருங்கருவிக்குச் சிலிக்கன் தகடுகளைப் பாபா அணு ஆராய்ச்சி நிலையமும் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியும் சேர்ந்து செய்து கொடுத்திருக்கின்றன. பெருமைப்படுவதானால் அதற்கல்லவா பெருமைப்பட வேண்டும்? அதைப் பற்றி எந்தக் காலட்சேபத்திலாவது கேட்டதுண்டா?

இன்னொன்று. 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, தானம் செய்த ஊரை 25 பங்காக்கி, 20 பங்கை நான்கு வேதம் படித்தவர்களுக்கும், ஒரு பங்கைப் பாரதம் வாசிப்பதற்கும் கொடுக்கின்றது. அணு ரகசியம் வேதத்தில் இருந்திருந்தால், அத்தனை பங்கு நிலத்தைத் தின்றவர்கள் ஒரு சிறு கருவியாவது செய்து காட்டியிருக்க வேண்டாமா?

சிலை வார்த்த தொழிலாளி மீது நமக்குக் கோபமில்லை. மெழுகையும் மண்ணையும் நெருப்பையும் சோதித்தறிந்த அவன்தான் அந்நாளைய விஞ்ஞானி. அவனுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையை ரிஷிக்குக் கொடுப்பதைத்தான் கண்டிக்கின்றோம். கூரத்து நடராஜர் இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றார். வெண்கலத்தைத் தின்னும் களிம்பிலிருந்து சாமிகளைக் காப்பதற்கு அங்கேயும் ரசாயன சாஸ்திரிதான் வேண்டியிருக்கின்றது.

தோழர்களே! "எல்லாம் நம் முன்னோர் கண்டதே" என்று நம்புகிற பையன் எதற்காகப் படிப்பான்? தறிக்குழியில் உட்காரும் உங்கள் பிள்ளைக்கு இழை அறுந்தால் கண்டுபிடிக்கத் தெரியும், முடியத் தெரியும். அந்தக் கண்ணும் அந்தக் கையும்தான் சிலிக்கன் தகட்டுக்கும் வேண்டும். அவனுக்கு வேண்டியது பள்ளிக்கூடமும் பரிசோதனைச் சாலையுமே ஒழிய, பழம்பெருமை அல்ல.