டூரிங் டாக்கீஸை ஏளனம் செய்யலாமா?

காரில் அமர்ந்தபடியே வெட்டவெளியில் படம் பார்க்கும் ‘டிரைவ்-இன்’ அரங்குகளைப் பற்றிப் படித்துவிட்டு, நம் ஊருக்கு இப்படி ஒன்று வாய்க்கவில்லையே என்று ஏங்கும் மாணவியர் உண்டு. 1933-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பிறந்த இவ்வழக்கம், 1973-இல் ஆமதாபாத்துக்கும், 1991-இல் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் வந்து சேர்ந்தது. கார் உடையவர்களுக்காக ஏற்பட்ட அரங்கு அது. நடந்து வருபவர்களுக்கென்று நம் விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்தில் ஒன்று இருந்தது. அதுதான் டூரிங் டாக்கீஸ். இன்று அந்தப் பெயரைச் சொன்னாலே சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு எனக்கு உடன்பாடில்லை.

தென்னாட்டில் இதற்கு வழிகாட்டியவர் கோவை சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த அவர், 1905-இல் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். இயேசு பெருமானின் வாழ்க்கைப் படமும் அவற்றுள் ஒன்று.

நம் பூமி மழை குறைந்த கரிசல். தீக்குச்சி காய்வதற்கு வாய்ப்பான அதே வறட்சி, கீற்றுக் கொட்டகைக்கும் வாய்ப்பாயிற்று! பொழுது சாய்ந்தால்தான் ஆட்டம். ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டுக் கேட்டதும் ஊரே புறப்படும். தரையில் மணல், அதற்குப் பின்னால் பெஞ்சு, கடைசியில் நாற்காலி. ஒரே கருவியாதலால் சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை, முறுக்குக்காரருக்குக் கொண்டாட்டம். ஆண்களையும் பெண்களையும் ஒரு தட்டியோ குட்டைச் சுவரோ பிரிக்கும்.

அந்தத் தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களைத்தான் நான் எண்ணிப் பார்க்கிறேன். பகலெல்லாம் தீப்பெட்டி ஒட்டி, குரோஸ் கணக்கில் கூலி வாங்கிய பெண்கள், வீடும் ஆலையும் அல்லாத ஓரிடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்கள், சிரித்தார்கள். எல்லாப் படமும் நல்ல படம் என்று நான் வாதாடவில்லை. சினிமா பிள்ளைகளைக் கெடுக்கும் என்று அஞ்சும் பெற்றோரிடமும் நியாயம் உண்டு. ஆயினும் தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்து கொட்டகைகள் ஒவ்வொன்றாய் மறைந்தபோது, அப்பெண்கள் ஒன்றுகூடும் மாலைப்பொழுதும் உடன் போயிற்று. அந்த இழப்பைப் பற்றிப் பேசுவார் இல்லை.

கொட்டகையை நினைத்து உருகுவோரும் ஒன்றை மறக்கலாகாது. 1979-இல் தூத்துக்குடியில் கீற்றுக் கொட்டகை ஒன்று தீப்பற்றிப் பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் மாண்டனர். 2004-இல் கும்பகோணத்தில் பள்ளிக் கூரை எரிந்து 94 குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகே பள்ளிகளில் கீற்றுக்கு விடை கொடுத்தோம். பட்டாசு ஆலைகளின் நடுவே வாழும் நமக்குத் தீயின் வேகத்தை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கூட்டம் சேரும் இடத்தில் வெளியேற எத்தனை வழி, அவை திறந்திருக்கின்றனவா என்று ஆலையிலும் கல்யாண மண்டபத்திலும் நாம் இன்றும் கேட்டாக வேண்டும்.

கொட்டகை நின்ற இடங்களில் இப்போது கடைகளும் வீடுகளும் எழுந்துவிட்டன. ஆனால் அந்த மணலில் அமர்ந்த பாட்டிமார் பலர் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மாணவியரே, இந்த விடுமுறையில் அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். எந்த நடிகரைப் பிடிக்கும் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். டிக்கெட்டுக் காசு யார் கொடுத்தது, வீட்டில் என்ன சொல்லி அனுமதி வாங்கினார்கள், இரண்டாம் ஆட்டம் முடிந்து இருட்டில் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினார்கள் என்பதையும் கேளுங்கள்.