நிழலில் நின்றுகொண்டு

"சார், ஒரே ஒரு லைன் சொன்னாப் போதும். 'இந்தக் கோபுரத்தோட நிழல் தரையில விழவே விழாது'. சொல்லிட்டு அப்படியே அண்ணாந்து பாருங்க."

மாசி மாதம், சாயங்காலம் நான்கு மணி. தஞ்சாவூர்ப் பெரியகோயிலில் வடபுறமாக, அம்மன் சந்நிதிக்குப் போகிற வழியில் நின்றிருந்தோம். பண்டைய நாகரிகங்களின் மர்மங்கள் என்று ஆவணப்படம் எடுக்க வெளியூரிலிருந்து வந்தவர்கள். பெயர் வேண்டாம், நல்ல பிள்ளைகள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். உள்ளூர் முகம் ஒன்று தேவை என்று கேட்டதற்கு நண்பர் ஒருவர் என்னைத் தள்ளிவிட்டிருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்ததில் தரை கால் பொசுக்க, தத்தித் தத்தி ஓடி, நிழல் கண்ட இடத்தில் ட்ரைபாடை ஊன்றியிருந்தார்கள்.

"தம்பி, நாம நிக்கிறதே அந்த நிழல்லதான்."

அவர் காலடியைப் பார்த்தார். விமானத்தைப் பார்த்தார். "அது ஃப்ரேம்ல வராது சார்" என்றார்.

நான் அந்த வரியைச் சொல்லவில்லை. 216 அடி உயரம் என்று சொல்கிற விமானத்துக்கு நிழல் இல்லாமல் எங்கே போகும்? காலையில் மேற்கே திருச்சுற்று மாளிகைமேல் கிடக்கும். மார்கழி உச்சி வெயிலில்கூட வடக்கே சண்டிகேசுவரர் சந்நிதிப் பக்கம் விழும். அடி அகன்று மேலே போகப்போகக் குறுகுகிற கட்டடம், அதனால் கோடைக்கால நடுப்பகலில் தன் நிழலைத் தன்மேலேயே வாங்கிக்கொள்கிறது. சித்திரை பிறந்து நாலைந்து நாளில் சூரியன் எங்கள் ஊருக்கு நேர் உச்சியில் நிற்கும். அன்றைக்கு என் நிழலும் தரையில் விழாது, வாசலில் கட்டியிருக்கிற ஆட்டின் நிழலும் விழாது. எங்களை வைத்து யாரும் படம் எடுக்கவில்லை.

உச்சிக்கல் கதையும் இப்படித்தான். ஒரே கல், 80 டன், சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி யானை இழுத்தது என்று நானே சின்ன வயதில் விருந்தாளிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். சிகரம் பல கற்களை இணைத்துச் செய்தது என்று குடவாயில் பாலசுப்ரமணியன் போன்றவர்கள் எழுதிப் பல காலம் ஆகிவிட்டது. கதை கேட்கவில்லை.

மர்மப் படங்களை வெறுக்கிறவன் இல்லை நான். ராத்திரி பதினோரு மணிக்குப் பிரமிடையும் மாச்சு பிச்சுவையும் வாய் பிளந்து பார்க்கிற ஆள்தான். பூம்புகாருக்கே ஒருவர் வந்தார், கிரஹாம் ஹான்காக். கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில், 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவத்தில் ஏதோ கிடக்கிறது என்று கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் 1991இல் கண்டது. ஹான்காக் அங்கே முங்கிப் பார்த்துவிட்டு, பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தைய நாகரிகம் என்கிற ரீதியில் பேச, 2002இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஒன்று அதைத் தொடராக ஒளிபரப்பியது. கடல் மட்டம் ஏறிய கணக்கை மட்டும் வைத்து வயது சொல்லிவிட்டார். வண்டல் அமுங்குவதும் கரை அரித்துக்கொண்டு போவதும் தனிக் கணக்கு. அதைப் பூம்புகார் மீனவர் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தாத்தா வீடு இருந்த இடத்தைக் கடலுக்குள் கை நீட்டிக் காட்டி. பக்கத்துக் கீழையூரில், படகு கட்டிய மரத்தறியோடு செங்கல் துறை ஒன்று தோண்டி எடுத்தார்கள். கிமு 3ஆம் நூற்றாண்டு வாக்கில் உள்ளது. அதைப் பார்க்க ஆள் வருவதில்லை. வயது குறைச்சல் போல.

பெரியகோயிலில் உண்மையாகவே ஒரு மர்மம் இருந்தது. கட்டியது யார் என்பதே ஊருக்கு மறந்துபோயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து கேட்டவர்களுக்குக் கரிகாலன் என்றும் காடுவெட்டிச் சோழன் என்றும் சொல்லி அனுப்பினோம். 1886இல் கல்வெட்டு ஆய்வாளராகச் சென்னைக்கு வந்த ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியர், சுவரை வாசித்துவிட்டு ராஜராஜன் என்றார். பெயர் அத்தனை நாளும் சுவரில்தான் இருந்தது. தினமும் அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தோம்.

அந்தச் சுவரில் ரகசியம் என்று ஒன்றும் இல்லை. இருப்பதெல்லாம் கணக்கு. 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள், கிபி 1010, விமானத்து உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்தது. குடம் 3083 பலம், அதற்குப் போர்த்திய பொன் 2926½ கழஞ்சு. அந்த அரைக் கழஞ்சை விடவில்லை பாருங்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடு, நாளொன்றுக்கு உழக்கு நெய். கோயிலுக்கு விட்ட ஊர்களில் வேலியை மாவாக, காணியாக, முந்திரியாக உடைத்து, முந்திரிக்கும் கீழே இறங்கி நிலம் அளந்திருக்கிறார்கள். வரியில்லாத நிலம் எதுவென்று கழிக்கும்போது நத்தம், குளம், ஊடே போகிற வாய்க்கால், சுடுகாடு, அதோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி. ஊர் அன்றைக்கே எப்படிப் பிரிந்து கிடந்தது என்பதையும் சுவர் மறைக்கவில்லை. பொற்காலம் பேசுகிறவர்கள் அந்த வரியில் விரலை எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

எனக்குப் பிடித்தது தளிச்சேரிப் பெண்டுகள் பகுதி. திருவாரூர், பழையாறை, திருவையாறு என்று பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்களை ராஜராஜன் கோயில் பணிக்கெனக் கொண்டுவந்து குடிவைத்தான். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன, எல்லாம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஒரு வேலி, வருஷத்துக்கு நூறு கலம் நெல். அந்த நெல்லை எதனால் அளப்பது என்றும் எழுதி வைத்தான்: ஆடவல்லான் என்னும் மரக்காலால். எங்கள் வீட்டுப் பரணில் பாட்டியின் மரக்கால் இருக்கிறது, இரும்புப் பூண் போட்டது. குத்துவிளக்குக்குச் சமமாக அதைத் துடைத்து வைப்பாள். நெல் அளக்க வந்தவன் தன் மரக்காலை எடுத்தால், "இருப்பா, எங்க மரக்கா வருது" என்பாள். அளவு மாறினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்; ராஜராஜனின் கணக்கர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இவ்வளவு எழுதியவர்கள் ஒன்றை எழுதவில்லை. பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் இருக்கிறது. கல் உடைத்தவன், வண்டியில் ஏற்றியவன், கயிறு பிடித்தவன், இவர்களுக்கு என்ன கூலி, எத்தனை பேர் செத்தார்கள் என்பது நான் படித்த அளவில் சுவரில் எங்கும் இல்லை. எங்கள் பக்கம் மண்வெட்டி போட்டால் வண்டல்தான் வரும். இவ்வளவு கருங்கல்லும் புதுக்கோட்டைச் சீமைப் பாறைகளிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். கொண்டுவந்தவர்கள் யார்?

எகிப்துக்கு இதற்கு ஒரு பதில் கிடைத்தது. செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் 2013இல் சில பாப்பிரஸ் ஏடுகள் அகப்பட்டன. மேரர் என்ற மேஸ்திரி நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன் எழுதிய நாள்குறிப்பு. குஃபுவின் பிரமிடுக்காக துராவில் சுண்ணாம்புக்கல் ஏற்றினோம், படகில் கீசா போனோம், திரும்பினோம், இவ்வளவுதான். அதைப் படித்த பிறகு வேற்றுக்கிரகவாசிகள் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டார்கள். எங்கள் மேரர் ஓலையில் எழுதியிருந்தால் கரையான் தின்றிருக்கும்.

மாயமாகக் கட்டினார்கள் என்று சொல்லும்போது, அந்தக் கயிறு பிடித்தவனை இரண்டாம் தடவையும் விட்டுவிடுகிறோம். எனக்கு ஆவணப்படக்காரர்கள்மேல் கோபம் அதற்காகத்தான், பொய்க்காக அல்ல.

அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். சுவாமிமலைக்குப் போங்கள் என்றேன். தென்னங்கீற்றில் ஒரு நறுக்கை எடுத்து, மடித்து மடித்துத் தாளக் கணக்கு பிடித்து, மெழுகில் உரு செய்து, காவிரி வண்டலைப் பூசி வார்க்கிற ஸ்தபதிகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். வேலையை நேரில் பார்க்கலாம், படமும் எடுக்கலாம். "மிஸ்டரி ஆங்கிள் வராது சார்" என்றார். பிறகு கேமராவைச் சுருட்டிக்கொண்டு நந்திப் பக்கம் போனார்கள். அந்த வரியைச் சொல்ல அங்கே யாராவது கிடைத்திருப்பார்கள்.

நீங்கள் வருவதாக இருந்தால் மாசி வாக்கில், சாயங்காலம் நான்கு மணிக்குமேல் வாருங்கள். அம்மன் சந்நிதிப் பக்கம் விமானத்தின் நிழல் நீளமாகக் கிடக்கும். அதில் நின்றால் கால் சுடாது.