மலை இல்லாத ஊரில் ஒரு மலை சைக்கிள்

"மலையே இல்லாத ஊருக்கு எதுக்குலே மலை சைக்கிள்?"

எங்கள் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் இருந்து (மாடு இப்போது இல்லை, தட்டுமுட்டுச் சாமான்தான்) அந்த ஹெர்குலிஸ் எம்.டி.பி.யை வெளியே இழுத்துப் போட்ட அன்றைக்கு, தெருவில் போனவர் வந்தவர் எல்லாரும் கேட்ட கேள்வி இது. மலை இல்லைதான். தேரி இருக்கிறதே! சாத்தான்குளம் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்கிறேன்: தேரி என்றால் காற்று அள்ளிக் குவித்த செம்மணல் மேடு. மணலில் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு. இங்கேயிருந்து திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரி வரைக்கும் அங்கங்கே பரந்து கிடக்கிறது. சாதா சைக்கிளை அதில் இறக்கினால் பத்தடியில் சக்கரம் புதைந்து, சைக்கிள் நம் தோளுக்கு ஏறிவிடும். அகல டயர் என்றால், காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு பனங்காட்டு ஒற்றையடிப் பாதையில் தாராளமாகப் போகலாம். (நடுத் தேரியில் அதுவும் புதையும். பொய் சொல்லக் கூடாது.)

சைக்கிள் என் சித்தப்பாவுடையது. தொண்ணூறுகளின் கடைசியில் வாங்கினார். இரண்டு வருடம் ஓட்டினார். அப்புறம் ஊர்ப் பையன்கள் பலரையும் போலச் சென்னைக்கு மளிகைக் கடை வேலைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அது தொழுவத்தில்தான். போன வருடம் அப்பா "இரும்புக்காரன்ட்ட போட்ரலாம், இடமாவது மிஞ்சும்" என்றார். எடை போட்டுப் பார்த்தேன், 18 கிலோ. கிலோ 25 ரூபாய் என்றால் 450 ரூபாய். அந்தக் காலமாக இருந்தால் பேரீச்சம்பழமாவது கிடைத்திருக்கும்!

"நான் சரி பண்ணி ஓட்டுதேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். கையில் இருந்தது மூவாயிரம் ரூபாய்.

நான் சொல்ல வருவது இதுதான். பழைய சைக்கிளைப் புதுசாக்கப் பார்க்காதீர்கள், ஓட வையுங்கள். காசு கம்மியாக இருக்கிறவன் சுற்றுகிற சாமானுக்குச் செலவு பண்ண வேண்டும், மினுங்குகிற சாமானுக்கு இல்லை. சொல்லச் சுலபம். முதலில் நானே தலைகீழாகத்தான் செய்தேன்.

யூட்யூபில் பழைய சைக்கிளைப் பளபளவென்று ஆக்கும் வீடியோக்கள் நிறைய உண்டு. பத்து நிமிடத்தில் துரு போய், பெயின்ட் ஏறி, கண்ணாடி மாதிரி நிற்கும். அதைப் பார்த்துவிட்டு மூன்று டப்பா ஸ்பிரே பெயின்ட் வாங்கினேன், டப்பா 250. உப்புத்தாள் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். பெயின்ட் அடித்து முடித்து, பெருமையாக உருட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் சைக்கிள் கடைக்குப் போனேன். கடை அண்ணாச்சிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு காலத்தில் மட்கார்டில் நம்பர் எழுதின வாடகை சைக்கிள் இருபது வைத்திருந்தவர். வண்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"சட்டைய நல்லா இஸ்திரி போட்டுக் கொண்டாந்திருக்க தம்பி. ஆளுக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாத்தியா?"

பெடலைச் சுற்றிவிட்டு, "காத வச்சுக் கேளு" என்றார். கரகரவென்று அம்மி அரைக்கிற சத்தம். பி.பி. செட்டைத் திறந்தால் உள்ளே கிரீஸும் தேரி மணலும் கலந்து சிவப்புச் சட்னி மாதிரி இருந்தது. ஆக்சில் முழுக்கக் குழி. நான் 750 ரூபாயைக் கொட்டியது இந்த அரவை மில்லுக்கு வெளியே.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் கடையில்தான் கிடந்தேன். கற்றுக்கொண்டதில் சிலது. எல்லாவற்றையும் டீசலில் கழுவி, கப்பின் உள்பக்கத்தை நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். வழவழவென்று இருந்தால் அந்தக் கப்பே போதும். நகம் தட்டினால் மாற்ற வேண்டும். பால்ரஸை மட்டும் பழசும் புதுசும் கலக்கக் கூடாது. தேய்ந்தது சின்னதாகிவிடும், பாரம் முழுக்கப் புதுசின் மேலே விழும். பின் சக்கரத்துக்குக் கால் அங்குல பால்ரஸ், முன் சக்கரத்துக்கு 3/16. கோனை இறுக்குவதுதான் வித்தை. சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தால், வால்வின் கனத்துக்கே அது மெல்லத் திரும்பி, வால்வு அடியில் வந்து நிற்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. இரண்டும் ஒன்றாக அமைய எனக்கு ஒரு மணி நேரம் ஆனது, அண்ணாச்சிக்கு இரண்டு நிமிடம்.

இடது பக்கப் பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்பது எனக்குத் தெரியாது. கழற்றுகிறேன் என்று நினைத்து அரை நாள் அதை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம் :)

செயினுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு, பள்ளிக்கூடத்து ஸ்கேலே போதும். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலை வைத்தால் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். 1/16 அங்குலம் தள்ளிப்போனால் செயினை மாற்ற வேண்டும். 1/8 தள்ளிப்போனால் ப்ரீவீல் பல்லும் தேய்ந்திருக்கும், இரண்டையும் மாற்ற வேண்டும். என்னுடையது 1/8-ஐயும் தாண்டிவிட்டது.

டயரில் ஒரு குழி இருக்கிறது, எல்லாரும் அதில் விழுகிறார்கள். 26 என்று போட்ட டயர் எல்லாம் ஒன்றில்லை! 26×1.95 என்று புள்ளி வைத்து எழுதியிருப்பது வேறு, 26×1⅜ என்று பின்னத்தில் எழுதியிருப்பது வேறு. முன்னதன் ரிம் 559 மில்லிமீட்டர், பின்னது 590. ஒன்று மற்றதில் ஏறவே ஏறாது. டயர் ஓரத்தில் பொடி எழுத்தில் அந்த மூன்று இலக்க எண் இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். நான் பார்க்காமல் வாங்கி வந்தேன். நல்லவேளை, கடையில் மாற்றிக் கொடுத்தார்கள்.

அந்த 559 அளவுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் ஷ்வின் கம்பெனி 1933-ல் கொண்டுவந்த பருத்த பலூன் டயரின் அளவு அது. எழுபதுகளில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள், யாரும் சீந்தாமல் கிடந்த அந்தப் பழைய ஷ்வின் சைக்கிள்களை மலிவாக வாங்கி, வேண்டாத சாமானை எல்லாம் கழற்றிவிட்டு, மலைப்பாதையில் இறக்கி விளையாடினார்கள். 1976 அக்டோபரில் பந்தயமே வைத்தார்கள். பந்தயத்துக்குப் பெயர் 'ரீபேக்'. ஒரு தடவை இறங்கினால் பின் சக்கரத்து ஹப் பிரேக்கில் கிரீஸ் கொதித்துப் புகைந்து போய்விடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-ல் இதற்கென்றே தனி பிரேம் செய்தார். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் வந்த பிறகுதான் கடையில் வாங்குகிற பொருளாக இது பரவியது. அதாவது மலை சைக்கிள் என்ற ஜாதியே பழைய இரும்பை ஓட வைத்ததில் பிறந்ததுதான். அதற்கு ஷோரூம் பளபளப்பு கேட்பது அதன் பரம்பரைக்கே பொருந்தாது.

அளவு நிலைத்து நிற்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்குப் பிழைப்பு. இப்போது வெளிநாட்டு மலை சைக்கிள்கள் 27.5, 29 என்று போய்விட்டன. ஆனால் சாத்தான்குளத்தில் 26×1.95 டயர் இன்னும் கிடைக்கிறது. அட்லஸ் கம்பெனியைப் பாருங்கள். 1951-ல் சோனிபட்டில் தொடங்கியது. 2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினம், அன்றைக்கே அதன் சாகிபாபாத் ஆலை நின்றுபோனது. ஆனால் ஊரில் ஓடுகிற அட்லஸ் ஒன்றும் நிற்கவில்லை. பால்ரஸுக்கும் செயினுக்கும் கம்பெனி பேதம் கிடையாது. என் ஹெர்குலிஸ் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் பிள்ளை (அந்தக் கம்பெனி 1949-ல் ஆரம்பித்தது), ஆனால் இப்போது அதற்குள் சுற்றுவதில் பாதி எங்கே செய்ததோ தெரியாது.

பிரேக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய பிரேக் கட்டை கல்லாக இறுகிப்போயிருந்தது. அதோடு ஓட்டிப் பார்த்து ஓர் ஆட்டு மந்தைக்குள் போய்த்தான் நின்றேன். ரிம் இரும்பு, ஈரம் பட்டால் புதுக் கட்டையே வழுக்கும், மழையில் முன்கூட்டியே பிடிக்கப் பழக வேண்டும். ரிம்மில் ஏறிய துருவுக்கு அலுமினியத் தாளை நனைத்துத் தேய்த்தால் போதும், காசு கொடுத்துப் பாலிஷ் வேண்டாம். உடைமுள்ளுக்கும் செலவில்லாத வைத்தியம் உண்டு. பழைய டியூபை நீளவாக்கில் கிழித்து டயருக்குள் கொடுத்துவிட வேண்டும். வண்டி கொஞ்சம் கனக்கும், பஞ்சர் குறையும்.

கணக்குக்கு வருவோம். டயர் இரண்டும் 760, டியூப் இரண்டும் 260, பி.பி. ஆக்சிலும் எல்லா பால்ரஸும் 190, செயினும் ப்ரீவீலும் 330, பிரேக் கட்டையும் வயரும் 210, கிரீஸ் டீசல் வகையறா 90, அண்ணாச்சி கூலி 400. ஆக 2240. முதலில் தொலைத்த 750 பெயின்டையும் சேர்த்தால் 2990. இதே மாதிரி கியர் இல்லாத புதுசுக்கு நான் விசாரித்த கடையில் ஆறாயிரத்துக்கு மேல் சொன்னார்கள்.

வகுப்பில் ஒருவன் "கூலி 400-ஐ மிச்சம் பிடிச்சிருக்கலாமேடா" என்றான். இதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. எங்கே புதுசு போட வேண்டும், எங்கே பழசே போதும் என்று சொன்னவர் அவர். கப்பை மாற்றாமல் ஆக்சிலை மட்டும் மாற்றச் சொன்னதிலேயே எனக்குக் காசு மிச்சம். சக்கரக் கோட்டம் எடுக்க நான் உட்கார்ந்தால் சக்கரம் முட்டை வடிவத்துக்குப் போகும். அவர் ஸ்போக்ஸை விரலால் சுண்டிச் சத்தத்தை வைத்தே இறுக்குகிறார். சாமான் ஆன்லைனில் இன்னும் மலிவாகக் கிடைக்கலாம், இந்தக் காது கிடைக்காது. அவர் மகன்கள் யாரும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. அந்தக் கடை மூடினால் அதற்குப் பிறகு எங்கள் ஊரில் எந்தப் பழைய சைக்கிளும் 2240 ரூபாயில் ஓடாது. அவரிடம் பேரம் பேசித்தான் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் அந்த பட்ஜெட்டே தப்பு.

எல்லாப் பழசையும் காப்பாற்ற வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். ஹேண்டிலுக்குக் கீழே பிரேம் குழாய்கள் சேரும் இடத்தில் பெயின்ட் சுருங்கி மடிந்திருந்தால் வண்டி முன்னால் எதிலோ பலமாக மோதியிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தொடாதீர்கள். முன் போர்க் விரிசல் விட்டிருந்தால் வெல்டிங் வைக்காதீர்கள், பல்லுக்கு ஆபத்து. அப்படிப்பட்டதை இரும்புக்காரனுக்கே கொடுத்துவிடலாம். மற்றபடி, பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள்கள் எத்தனை வீட்டுக் கொல்லையில் வெறும் பால்ரஸுக்கும் டியூபுக்கும் ஏங்கிச் சாய்ந்து கிடக்கின்றன என்று ஒரு தடவை தெருவில் நடந்து பாருங்கள்.

பெயின்ட் விஷயத்தில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. செயின் கார்டில் மஞ்சள் பெயின்டில், சாய்வான எழுத்தில், சித்தப்பா பேரும் அதற்குக் கீழே சாத்தான்குளம் என்றும் எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் சைக்கிள் வாங்கியதும் ஆர்ட்டிஸ்டிடம் கொடுத்துப் பேர் எழுதுவார்களாம். உப்புத்தாள் போட்டபோது அதையும் சேர்த்துத் தேய்த்து எடுத்துவிட்டேன். அப்போது அது எனக்கு வெறும் அழுக்கு மாதிரித்தான் தெரிந்தது. போனில் சித்தப்பாவிடம் வண்டி ஓடுகிறது என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பேரு இருக்காலே இன்னும்?"

இருக்கு என்று சொல்லிவிட்டேன். கோயில் கொடைக்கு வருகிறார். மறுபடி எழுதித் தர ஆள் உண்டா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "இப்ப யாரு கையால எழுதுதா? ஸ்டிக்கர் வெட்டித் தருவான், ஒட்டிக்க" என்றார். ஸ்டிக்கர் வேண்டாம் என்று வந்துவிட்டேன். செயின் கார்டு இப்போதைக்குக் கறுப்பாக வெறுமனே இருக்கிறது.