பாவசங்கீர்த்தனமும் உளவளத்துணையும்

"மனச்சோர்வு என்பது விசுவாசக் குறைவே, நன்றாகச் செபித்தால் அது தானே நீங்கிவிடும்" என்று கூறுவோர் கத்தோலிக்க மக்களிடையே இன்றும் உளர். "மதமே ஒரு மனநோய், மதநம்பிக்கையுடைய ஒருவர் உளவளத்துணையாளராக இருத்தல் ஆகாது" என்று கூறுவோர் தம்மை முற்போக்காளர் என அழைத்துக்கொள்வோரிடையே உளர். இவ்விரு சாராரும் எதிரெதிர்த் திசைகளில் நிற்பவர்போலத் தோன்றினும் ஒரு விடயத்திலே ஒன்றுபடுகின்றனர். துன்புற்று வந்தவனின் வாயிலிருந்து ஒரு சொல் பிறக்குமுன்னரே, அவன் துன்பத்துக்குக் காரணம் இன்னதென இருவருமே முடிவுகட்டிவிடுகின்றனர்.

இவர்களுக்கிடையே மூன்றாவது குரலொன்றும் இப்போது ஓங்கி ஒலிக்கின்றது. கத்தோலிக்க விசுவாசத்தையும் உளவளத்துணைத் தொழிலையும் ஒன்றாக இணைத்துவிடலாம் என்பது அக்குரல். கேட்பதற்கு இனிமையான கருத்துத்தான். ஆயின், எவர் எதனை எதனோடு எவர் நலனுக்காக இணைக்கின்றார் என்ற வினாவுக்கு விடை கூறாத இணைப்பை நாம் ஏற்பதற்கில்லை.

முதற் சாராருக்கு அவர்களது திருச்சபையின் வரலாற்றிலிருந்தே விடை கூறுவோம். 1953ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதி, றோமாபுரியிலே கூடிய உளமருத்துவ மாநாட்டினர் முன் பேசிய பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், அத்துறையின் சில போக்குகளுக்கு எல்லை வகுத்தாராயினும் அத்துறையை ஒதுக்கித் தள்ளவில்லை. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, ஆன்ம பணியிலே இறையியலோடு உளவியல், சமூகவியல் ஆகியவற்றின் முடிபுகளும் பயன்படுத்தப்படல் வேண்டுமென வெளிப்படையாகவே கூறிற்று.

தற்கொலை பற்றிய மாற்றம் இதனினும் முக்கியமானது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டக்கோவை, மனமறிந்து தம்முயிரை மாய்த்துக்கொண்டோருக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. சாவின் துயரோடு அந்த அவமானத்தையும் சுமந்த குடும்பங்கள் எத்தனை! 1983ஆம் ஆண்டுச் சட்டக்கோவையின் விலக்குப் பட்டியலிலே தற்கொலை இடம்பெறவில்லை. கடும் உளக்கோளாறும் வேதனையும் அச்சமும் ஒருவரது பொறுப்பைக் குறைக்கவல்லன என 1992இல் வெளியான மறைக்கல்வி ஏடு கூறுகின்றது. தற்கொலை தவறு என்ற போதனை மாறவில்லை. மனித மனத்தைப் பற்றிய அறிவு வளர்ந்தது. அவ்வறிவை நல்கியோருள் மருத்துவர்களும் உளவியலாளரும் முதன்மையானவர் அல்லரோ?

எமது நாட்டின் அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையிலே இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அதுவும் ஒன்று. தற்கொலை முயற்சியோ 1998வரை தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. பின்னர் அவ்வீதம் பாதிக்கும் கீழாக வீழ்ந்தமைக்கு, கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டமையே பெருங்காரணம் என ஆய்வாளர் காட்டியுள்ளனர். கோயிற் பிரசங்கமும் நீதிமன்றத் தண்டனையும் காக்காத உயிர்களை ஒரு பொதுநல நடவடிக்கை காத்தது.

இனி இரண்டாம் சாராரை நோக்குவோம். மதத்தை ஒரு மாயை எனக் கொண்டு புறொய்ட் 1927இல் நூலெழுதினார் என்பது உண்மையே. ஆயின் உளவளத்துணையின் வரலாறு புறொய்டோடு முடிந்துவிடவில்லை. துணைநாடி வருபவரை மையமாகக் கொண்ட முறையை வகுத்த கார்ல் றொஜர்ஸ், மதகுருப் பயிற்சிக்கெனக் கல்லூரி புகுந்து, அதனை விட்டு உளவியலுக்கு வந்தவர். வருபவரின் உலகை அவரது கண்கொண்டே காணல் வேண்டும் என்பது அவர் முறையின் உயிர்நாடி. மன்னாரிலோ நீர்கொழும்பிலோ மகனை இழந்த தாயொருத்திக்குச் செபமாலை அவளது துயரத்தின் மொழி. அதனை வாசலிலே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்று கூறுபவர், அவளை ஊமையாக்கிவிட்டுப் பேசச் சொல்கின்றார். ஏளனமும் ஒருவகைப் பிரசங்கமே என்பதை எமது நண்பர்கள் உணர்தல் வேண்டும்.

மூன்றாம் சாராரோடுதான் எமது வாதம் நீண்டது. பாவசங்கீர்த்தனத்திலே முழந்தாளிடுபவர் தம்மீது தாமே குற்றஞ் சாட்டிக்கொள்கின்றார். உளவளத்துணையை நாடி வருபவர் குற்றவாளி அல்லர். பாவசங்கீர்த்தன இரகசியம் எல்லையற்றது. 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் அதனை மீறும் குருவுக்குக் கடுந்தண்டனை விதித்தது. அக்கட்டுப்பாடு இன்றும் தளரவில்லை. உளவளத்துணையாளர் காக்கும் இரகசியத்துக்கோ எல்லை உண்டு. ஓர் உயிருக்கு ஆபத்து நேரும்போதும், ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுகின்றது என அறியும்போதும் அவர் செயற்பட்டே ஆதல் வேண்டும். இவ்விரு கடமைகளையும் ஒரே ஆளிடம் ஒரே விடயத்திலே குவித்தால் விளைவு யாது? ஒன்றில் இரகசியம் சிதையும். அன்றேல் அது கொடுமை செய்தவனுக்குக் கேடயமாகும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்விடத்திலே சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். பாடசாலையொன்றின் அதிபராக இருப்பவரே உளவளத்துணையாளராகவும் இருப்பின், அவர்முன் அமரும் மாணவனின் நிலை என்ன? நற்சான்றுப் பத்திரத்திலே கையொப்பமிடும் கையை நோக்கியபடியே அவன் பேசுவான். உண்மையை அவன் எங்ஙனம் கூறுவான்? இவ்வபாயத்தைத் திருச்சபைச் சட்டமே உணர்ந்திருக்கின்றது. குருமடத்திலே தம்மோடு உறையும் மாணவர்கள் தாமாக விரும்பிக் கேட்டாலன்றி, அவர்களது பாவசங்கீர்த்தனத்தைக் குருமட அதிபர் கேட்டல் ஆகாது என அது விதிக்கின்றது. பாவசங்கீர்த்தனத்தால் அறிந்ததை நிருவாகத்திலே பயன்படுத்துவதையும் அது தடுக்கின்றது. அதிகாரமும் அந்தரங்கமும் ஒரே நாற்காலியில் அமர்தல் தகாது என்னும் இவ்வறிவை, 'இணைப்பு' பேசுவோர் மறந்துவிடுகின்றனர்.

இதனினும் கொடியது பொறுமையின் பெயரால் நிகழும் அநீதி. கணவனின் அடிக்கு அஞ்சி வந்த பெண்ணிடம், "பொறுத்துப்போ பிள்ளை, இதுதான் உனக்குக் கிடைத்த சிலுவை" என்று கூறியனுப்புவதை உளவளத்துணை என எவரும் அழைத்தல் வேண்டாம். அது விசுவாசமும் ஆகாது. வாழ்க்கைத் துணைவரின் ஆன்மாவுக்கோ உடலுக்கோ பேராபத்து விளைவிப்பவரை விட்டுப் பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டமே இடமளிக்கின்றது. வீட்டு வன்முறையிலிருந்து பாதுகாப்பளிக்கும் நாட்டுச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. இரண்டையும் மறைத்துப் பொறுமையை மட்டும் போதிப்பவர், சிலுவையை அடிப்பவனின் கைத்தடியாக்குகின்றார்.

அவ்வாறாயின் விசுவாசமும் உளவியலும் சந்திக்கவே முடியாதா? முடியும். எல் சல்வடோரிலே வாழ்ந்த யேசுசபைக் குருவும் உளவியற் பேராசிரியருமான இக்னாசியோ மார்ட்டின்-பாரோ அதற்குச் சான்று. போரின் காயம் தனிமனிதனின் மண்டைக்குள் மட்டும் இல்லை. பொய்யினாலும் வன்முறையினாலும் சிதைந்த சமூக உறவுகளிலே அது வேரூன்றி நிற்கின்றது என அவர் காட்டினார். உண்மையை மறைக்கும் சமூகத்திலே நோயாளியை மட்டும் குணப்படுத்துதல் இயலாது என்பது அவர் கண்ட முடிபு. 1989ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி அரச படையினர் அவரையும் வேறு ஐந்து குருமாரையும், அங்கிருந்த பெண்கள் இருவரையும் பல்கலைக்கழக வளவிலேயே கொன்றனர்.

எமது மண்ணுக்கு இப்பாடம் அந்நியமன்று. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. அவற்றோடு ஹோட்டல்களும் தாக்கப்பட்ட அந்நாளிலே 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். முன்னெச்சரிக்கை கிடைத்தும் கடமை தவறினர் என, அந்நாளைய சனாதிபதி உட்படப் பலரை இழப்பீடு செலுத்துமாறு உயர்நீதிமன்றம் 2023 சனவரியிலே பணித்தது. உறவுகளை இழந்த குடும்பங்களுக்குச் செபமும் வேண்டும், தேர்ந்த உளவளத்துணையும் வேண்டும்; உண்மையும் வேண்டும். கத்தோலிக்கக் குருமாரே இதனை உரத்துக் கூறினர். நன்று. அதே உரிமை, 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியிலே வீதியோரம் அமர்ந்து, காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகள் எங்கே எனக் கேட்ட தாய்மாருக்கும் உண்டன்றோ? "ஏற்றுக்கொள்" என்று உளவளத்துணையாளரும் "மன்னித்துவிடு" என்று குருவானவரும் அவர்களிடம் கூறுவாராயின், இருவரும் சேர்ந்து அக்கேள்வியின் வாயை அடைப்போராவர்.

எனவே நாம் வேண்டுவன மூன்று. விசுவாசம் உளவளத்துணை அறைக்குள் வருவதாயின், அதனைத் துன்புற்றவரே கொண்டுவரட்டும். குருவானவராயினும் உளவளத்துணைக்கு முறையான பயிற்சியும் மேற்பார்வையும் பெறட்டும். பாவசங்கீர்த்தனத்தையும் நிருவாக அதிகாரத்தையும் அவ்வறைக்கு வெளியே வைக்கட்டும். அநீதியால் விளைந்த துயரை எவரும் பாவமென்றோ நோயென்றோ மட்டும் பெயரிட்டு முடித்துவிடாதிருக்கட்டும். இம்மூன்றையும் ஏற்கும் கத்தோலிக்க உளவளத்துணையாளர் எவராயினும் அவர் எமது தோழரே. ஏற்காதவர், கையில் செபமாலை வைத்திருப்பினும் பட்டச்சான்று வைத்திருப்பினும், துன்புற்றோரின் துணைவர் ஆகார்.