மெருகுச் சில்லும் பாட்டியாரின் மூக்குப்பேணியும்

தைப்பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையில் நம்மவர் வீடுகள் பலவற்றிலும் ஒரே காட்சியைக் காணலாம். பரணிலிருந்து குத்துவிளக்கும் தாம்பாளமும் செம்பும் இறங்கும். கிணற்றடிக்குப் பழப்புளியும் சாம்பலும் தும்பும் வந்து சேரும். வீட்டுப் பிள்ளைகள் கைவலிக்க மினுக்குவார்கள். சென்ற பொங்கலின்போது எம் வீட்டிலும் அவ்வாறே நடந்தது. உயர்தர வகுப்பிலே தொழினுட்பவியல் பயிலும் எமது மருமகன், பாதி விளக்கோடு தும்பைக் கீழே போட்டுவிட்டு, "மாமா, ஒரு மெருகு யந்திரம் வாங்கினால் இந்த வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடுமே! என்னுடைய மோட்டார் சைக்கிளின் எஞ்சின் மூடியையும் அதிலேயே மினுக்கலாம்" என்றான்.

"வாங்கலாம்" என்று உடனே சொல்ல எமக்கு நா எழவில்லை. அதற்குரிய காரணம் எமது அலுமாரியில் இருக்கிறது. அதனைக் கூறுமுன்னர், மெருகு என்பது யாது என்பதைச் சற்று நோக்குவோம்.

உலோகப் பொருளொன்று ஒளி மங்குவதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, காற்றும் ஈரமும் பட்டு மேலே படியும் களிம்பு. மற்றையது, மேற்பரப்பிலே விழுந்த கீறல்கள். பழப்புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைத்துவிடும். அடியிலுள்ள உலோகத்துக்கு அதனாற் பெருந்தீங்கில்லை. ஆயினும் நெடுநேரம் ஊறவிடலாகாது. ஊறினால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து, மேற்பரப்பிற் செந்நிறம் தோன்றும். கீறலை நீக்கும் வழியோ வேறு. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள உலோகத்தைத் தேய்த்து இறக்கினாலன்றிக் கீறல் போகாது. பெருங்கீறலைச் சிறுகீறலாக்கி, சிறுகீறலை மேலும் நுண்கீறலாக்கி, ஈற்றிற் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குக் கொண்டுவருவதையே நாம் மெருகு என்கிறோம். ஆகவே, யந்திரத்தில் மெருகேற்றுதல் என்பது உலோகத்தைக் குறைத்தலேயாம். இதனை மறந்தவர் இழப்பது உலோகத்தை மட்டுமன்று.

நாம் அவ்வாறு மறந்தோம். இருபது ஆண்டுகளுக்கு முன்னர், புதிதாக வாங்கிய மெருகு யந்திரத்தின் உற்சாகத்திலே, அகப்பட்டதையெல்லாம் சில்லிற் பிடித்தோம். அவற்றுள் ஒன்று எம் பாட்டியார் சீதனமாகக் கொண்டுவந்த பித்தளை மூக்குப்பேணி. அரைமணி நேரத்திற் பொன்போல ஆகிவிட்டது. பெருமையோடு அன்னையாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் அதனை வெளிச்சத்திலே திருப்பிப் பார்த்தார். பின்னர், நெடுநாட்பழக்கத்தாற் போலும், விளிம்பின் கீழே ஓரிடத்தைப் பெருவிரலாற் தடவினார். அவ்விடத்திலே பாட்டியாரின் பெயர் சிறு புள்ளிகளாகப் பொளியப்பட்டிருந்தது. அவர் விரலுக்கு அன்று ஒன்றும் தட்டுப்படவில்லை. "நல்லாய் மினுங்குது, தம்பி" என்று மட்டும் சொல்லி அலுமாரியில் வைத்துவிட்டார். உற்றுப் பார்த்தால் இரண்டு எழுத்துகள் இன்றும் மங்கலாகத் தெரியும். மற்றவை துணிச் சில்லோடு போயின.

இக்கதையை மருமகனுக்குச் சொன்னோம். அவன் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்படியானால் வாங்கவே கூடாதா?" என்று கேட்டான். அப்படியன்று. எதற்காக வாங்குகிறோம் என்பதை அறிந்து வாங்கவேண்டும் என்பதே நம் கருத்து. ஆண்டுக்கிருமுறை விளக்கு மினுக்கும் வீட்டுக்கு யந்திரம் வேண்டியதில்லை. புளியும் தும்பும் போதும். பழைய மோட்டார் சைக்கிளின் அலுமினிய மூடிகள், கதவுக் கைப்பிடிகள், தாமே அரத்தால் அராவிச் செய்த பித்தளை உறுப்புகள் என அடிக்கடி வேலையுள்ளவருக்கு அது நற்றுணையாகும்.

வாங்கப் போவோர் முதலிற் கவனிக்கவேண்டியது அச்சுத்தண்டின் நீளம். கடைகளிலே சாணை பிடிக்கும் யந்திரம் மலிவாகக் கிடைக்கும். அதன் கல்லைக் கழற்றித் துணிச் சில்லை மாட்டினாற் போதுமென்று விற்பவரும் சொல்வர். ஆனால் சாணை யந்திரத்தின் தண்டு குட்டையானது. சில்லு மோட்டாரின் உடலுக்கு மிக அண்மையிலே சுழலும். நீண்ட உறுப்பைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க இடமிராது. அதன் மறுமுனை மோட்டாரில் மோதும், அல்லது கை மோதும். மெருகுக்கென்றே செய்த யந்திரத்தில் இருபுறமும் தண்டு நீண்டு, சில்லு மோட்டாரை விட்டு விலகி நிற்கும். அந்த இடைவெளிக்காகவே நாம் கூடிய விலை கொடுக்கிறோம்.

இரண்டாவது, வேகம். மாணவர்கள் இங்கே சிறிது கணக்குச் செய்து பார்க்கலாம். இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. செக்கனுக்கு 50 சுழற்சி. ஆதலால் இரு முனைவு மோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 2,850 சுற்றுச் சுழலும். நான்கு முனைவு மோட்டார் அதிற் பாதியாக, ஏறத்தாழ 1,425 சுற்றுச் சுழலும். 15 சென்ரிமீற்றர், அதாவது 6 அங்குல விட்டமுள்ள சில்லின் சுற்றளவு 47 சென்ரிமீற்றர். அதனை 2,850 ஆற் பெருக்கினால், சில்லின் விளிம்பு நிமிடத்துக்கு 1,340 மீற்றர் ஓடுகிறதென்பது பெறப்படும். இது மணிக்கு 80 கிலோமீற்றர்! பெருந்தெருவில் விரையும் பஸ் வண்டியின் வேகம் நம் விரலுக்கு முன்னே சுழல்கிறது. 8 அங்குலச் சில்லாயின் அது மணிக்கு 107 கிலோமீற்றராகும். பழகுவோருக்கு நான்கு முனைவு மோட்டாரே உகந்தது. வேலை தாமதமாகும், ஆனால் பிழையும் தாமதமாகவே நேரும். எழுத்து அழியுமுன்னர் கையை எடுத்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

வலுவைப் பொறுத்தவரை, 6 அங்குலச் சில்லுக்கு அரைப் பரிவலுவும், 8 அங்குலத்துக்கு முக்காற் பரிவலுவும் வீட்டுக்குப் போதும். வலுக் குறைந்தால், பொருளை அழுத்தியவுடன் சில்லு தளர்ந்துவிடும். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய யந்திரமாயின், அதன் தகட்டிலே பொறித்துள்ள வோல்ற்றும் சுழற்சியும் நம் நாட்டு மின்சாரத்துக்குப் பொருந்துமா என்று முதலில் வாசித்தறிக. புவித்தொடுப்புள்ள மூன்றுமுனைச் செருகியும், வீட்டிலே ஒழுங்காக இயங்கும் ட்ரிப் சுவிட்சும் இன்றியமையாதன. யந்திரத்தைக் கனத்த மேசையில் ஆணிகொண்டு இறுக்கிப் பூட்டுதல் வேண்டும். இடப்பக்கத்து நட்டு எதிர்ப்புரியுடையது என்பதையும் நினைவிற்கொள்க. அறியாது வலிந்து திருகி அதனைப் பழுதாக்கியவர் பலர்.

அடுத்துச் சில்லுகள். நெருக்கமாகத் தைத்த பருத்திச் சில்லு விறைப்பானது. கீறலை அறுத்து நீக்க உதவும். நடுவில் மட்டும் தைத்த தளர்ந்த சில்லு மென்மையானது. இறுதி ஒளிக்கு உரியது. இவற்றிற் பூசும் மெருகுக் கட்டிகள் பல நிறங்களில் உள்ளன. பித்தளை, செம்பு, அலுமினியம் ஆகியவற்றின் முதல் வேலைக்குக் கபிலநிறத் திரிப்பொலிக் கட்டியும், அதன்பின் வெண்ணிறக் கட்டியும் வழக்கம். துருப்பிடிக்காத உருக்குக்குப் பச்சைக் கட்டி. பொன்னுக்கும் வெள்ளிக்கும், நகைத்தொழிலாளர் நன்கறிந்த சிவப்புக் கட்டி. அது இரும்பொட்சைட்டின் நுண்டூள். நிறவழக்கம் தயாரிப்பாளர்க்கேற்பச் சிறிது வேறுபடுமாதலால், பொதியிலுள்ள குறிப்பையும் வாசிக்க வேண்டும். ஒரு சில்லுக்கு ஒரு கட்டியே. கரடான கட்டி பட்ட சில்லில் நுண்ணிய கட்டியைப் பூசினால், கீறல் போவதற்குப் பதிலாகப் புதிதாக விழும்.

சில்லிற் பிடிக்குமுன் ஆழ்ந்த கீறல்களை அரத்தாளாற் கையால் நீக்குதல் நன்று. 240, பின்னர் 400, பின்னர் 600 எனப் படிப்படியாகச் செல்லுக. ஒவ்வொரு படியிலும் முந்திய திசைக்குக் குறுக்கே தேய்த்தால், பழைய கீறல் மறைந்ததா என்பது கண்ணுக்குத் தெரியும். இப்படிகளிற் பொறுமையிழந்தவர் சில்லிலே அழுத்தி அழுத்தி, கூரிய விளிம்புகளையெல்லாம் மழுக்கிவிடுவர்.

இனி, பிடிக்கும் முறை. நமக்கு முன்னேயுள்ள சில்லின் முகம் மேலிருந்து கீழாக ஓடுதல் வேண்டும். பொருளை அச்சின் உயரத்துக்குச் சற்றுக் கீழே பிடிக்க வேண்டும். சில்லு பொருளின் நடுவிலே தொட்டு, கீழ்விளிம்பைக் கடந்து வெளியேற வேண்டும். மேல்விளிம்பிலே ஒருபோதும் படலாகாது. பட்டால் சில்லு அதனைக் கவ்விப் பறித்து வீசும். எம் பட்டறைச் சுவரிலே இன்றும் ஒரு வடு உண்டு. கதவுப் பூட்டின் பித்தளைத் தகடொன்று எம் கையிலிருந்து பறந்து செய்த வடு அது. அவ்வழியில் அன்று எவரும் நிற்காதது எம் நற்பேறு. ஒரு பாதியை முடித்தபின் பொருளைத் தலைகீழாகத் திருப்பி மறுபாதியைச் செய்க. வளையத்தினுள்ளும் துளையினுள்ளும் விரலை நுழைத்துப் பிடிக்கலாகாது. சங்கிலியைக் கையிற் பிடித்து மெருகிடவே கூடாது.

சாரம், முந்தானை, அவிழ்ந்த கூந்தல், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி ஆகிய எவையும் சுழலும் சில்லின் அருகே வரலாகாது. துணிக் கையுறையும் ஆகாது. சில்லு கையுறையைக் கவ்வினால் கையையும் உடன் இழுக்கும். பொருள் சுட்டால் ஆறவிடுக. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும், மூக்குக்கும் வாய்க்கும் தூசிதடுக்கும் முகக்கவசமும் அணிக. பித்தளை சிலவற்றில் ஈயமும் கலந்திருக்கும். சுவிட்சை நிறுத்தியபின்னும் சில்லு சிறிது நேரம் ஓடும். முற்றாக நின்றபின்னரே கையைக் கொண்டுபோக வேண்டும். அலுமினியத்தின் நுண்டூள் எளிதில் தீப்பற்றக்கூடியது. இரும்புத் துருவோடு கலந்த அத்தூளிற் பொறி பட்டால் உக்கிரமாக எரியும். அலுமினியம் மெருகிடும் மேசையில் இரும்பைச் சாணை பிடிக்காதீர். வேலை முடிந்ததும் பஞ்சையும் தூளையும் கூட்டி அகற்றிவிடுங்கள்.

எவற்றைச் சில்லிற் பிடிக்கலாகாது? வெள்ளி முலாமிட்ட கரண்டிகளையும், குரோமிய முலாமிட்ட உறுப்புகளையும் பிடித்தால் மெல்லிய முலாம் தேய்ந்து அடியுலோகம் வெளிப்படும். உள்ளே ஈயம் பூசிய சமையற் பாத்திரத்தின் உட்புறத்தைத் தொடலாகாது. பழைய நாணயத்தை மெருகிட்டால் அதன் மதிப்பே குன்றும். பெயரோ ஆண்டோ பொறித்த எப்பொருளும் யந்திரத்துக்குரியதன்று.

மருமகன் ஈற்றில் நான்கு முனைவு யந்திரமொன்றையே தெரிந்து வாங்கினான். எஞ்சின் மூடிக்கு அவன் மூன்று மாலைப்பொழுதுகள் செலவிட்டான். அவற்றில் இரண்டு அரத்தாளுக்கே சென்றன. மூடி இப்போது முகம் பார்க்கும்படி இருக்கிறது. குத்துவிளக்கை மட்டும் அவன் யந்திரத்தருகே கொண்டுபோகவில்லை. தும்போடு கிணற்றடிக்கே போனான்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இம்முறை பாத்திரங்கள் பரணிலிருந்து இறங்கும்போது, மினுக்குமுன்னர் ஒவ்வொன்றின் விளிம்பையும் அடியையும் விரலாற் தடவிப் பாருங்கள். எழுத்துத் தட்டுப்பட்டால், மெல்லிய தாளொன்றை அதன்மேல் வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேயுங்கள். பெயர் தாளில் எழும்பி வரும். அது யாருடைய பெயரென்று வீட்டிலுள்ள மூத்தோரைக் கேட்டு, பிள்ளைகள் அத்தாளிலேயே எழுதி வைக்கட்டும். எமக்கு இது இருபது ஆண்டுகளுக்கு முன் தெரிந்திருந்தால், பாட்டியாரின் பெயரில் இரண்டெழுத்துக்கு மேலும் எம்மிடம் இருந்திருக்கும்.