பட்டியல் போட்டா படம் பிழைச்சிடுமா?

அமெரிக்காவின் நேஷனல் ஃபிலிம் ரிஜிஸ்ட்ரியில் புதுசா 25 படம் சேர்த்தாங்கன்னு செய்தி வந்தா நம்ம ஊர்ல ரெண்டு விஷயம் தவறாம நடக்கும். ஒண்ணு, "பாருங்கய்யா, அவன் எப்படிப் பாதுகாக்குறான்" என்கிற பெருமூச்சு. ரெண்டு, "நமக்கும் அப்படி ஒரு லிஸ்ட் போட்டா எந்த 25?" என்கிற அடிதடி. நாயகனா தேவர் மகனா, பராசக்தியா ரத்தக்கண்ணீரா, தலைவர் படம் எத்தனை, எங்காளு படம் ஏன் இல்லை... அரை மணி நேரத்துல படத்தை விட்டுட்டு பரம்பரையை இழுக்க ஆரம்பிச்சிடுவாங்க. :-)

இந்தப் பதிவு ரெண்டு கோஷ்டிக்கும் எதிரா எழுதுறது. என் கட்சி இதுதான்: எந்தப் படத்தைப் புதுப்பிக்கணும்னு தேர்ந்தெடுங்க, தப்பே இல்லை. எந்தப் படத்தை வெச்சுக்கணும்னு தேர்ந்தெடுக்காதீங்க. வெச்சுக்கறதுன்னா எல்லாத்தையும் வெச்சுக்கணும். இந்த ரெண்டு வேலையையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறதுதான் நம்ம வியாதி.

அந்தப் பட்டியல் உண்மையில் என்ன?

1986-ல் டெட் டர்னர் எம்ஜிஎம்மின் பழைய படங்களை மொத்தமா வாங்கினார். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கம்ப்யூட்டர்ல கலர் அடிச்சு டிவியில் விட ஆரம்பிச்சார். ஹாலிவுட் இயக்குநர்கள் கொதிச்சுப் போய் அமெரிக்க காங்கிரஸ் வரைக்கும் போனாங்க. அந்தச் சண்டையில் பிறந்ததுதான் 1988-ன் நேஷனல் ஃபிலிம் ப்ரிசர்வேஷன் சட்டம். 1989-ல் முதல் 25 படங்கள். அதுக்கப்புறம் வருஷத்துக்கு அதிகபட்சம் 25. படம் வந்து 10 வருஷமாவது ஆகியிருக்கணும். பண்பாடு, வரலாறு, அழகியல் இந்த மூணுல ஏதாவது ஒரு வகையில் முக்கியமா இருக்கணும். பொதுமக்கள் ஆளுக்கு 50 படம் வரைக்கும் பரிந்துரைக்கலாம். ஒரு வாரியம் ஆலோசனை சொல்லும், கடைசி முடிவு லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் தலைமை நூலகர் கையில். 2024 பட்டியலோட சேர்த்து மொத்தம் 900 ஆச்சு.

இதுல எங்கேயாவது "சிறந்த படம்"னு ஒரு வார்த்தை இருக்கா? இல்லை. நம்ம ஆளுங்க கோட்டை விடுற இடம் இதுதான். அந்தப் பட்டியல்ல காஸாபிளாங்கா, சிட்டிசன் கேன் எல்லாம் இருக்கு, சரி. கூடவே என்னெல்லாம் இருக்கு பாருங்க:

- கென்னடி சுடப்பட்டதை ஒரு துணி வியாபாரி தன் வீட்டு கேமராவில் எடுத்த அரை நிமிஷத் துண்டு.
- இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவே தன் ஜப்பானிய வம்சாவளிக் குடிமக்களை அடைச்சு வெச்ச டோபாஸ் முகாமுக்குள், அங்கே அடைபட்ட ஒருத்தர் கேமராவை ரகசியமா வரவழைச்சு எடுத்த ஹோம் மூவி.
- தியேட்டர் இடைவேளையில் "வாங்க, போய் ஏதாவது வாங்கிச் சாப்பிடலாம்"னு பாட்டுப் பாடுற விளம்பரம்.
- 1925-ல் பேசும்பட சோதனைக்காக ஒருத்தர் வாத்தை இடுக்கிக்கிட்டுப் பாடினது. நிஜமா வாத்துதாங்க.
- கூடவே, கறுப்பின மக்களைக் கேவலப்படுத்தி கு க்ளக்ஸ் க்ளானைக் கொண்டாடின 'பர்த் ஆஃப் எ நேஷன்'. 1992-ல் சேர்த்தாங்க. புகழ்றதுக்கு இல்லை. நடந்ததை மறைக்கக் கூடாதுங்கறதுக்கு.

நம்ம ஊர்ல இப்படி ஒரு கமிட்டி உட்கார்ந்து, தியேட்டர்ல படத்துக்கு முன்னாடி போடுற அந்தப் புகையிலை விளம்பரத்தைச் சேர்ப்பாங்களா? ஒரு தலைமுறையே மனப்பாடமாச் சொல்லும் அதை. நம்ம நாட்டு சினிமா அனுபவத்துல அதுக்கு இருக்கிற பங்கு பாதி தேசிய விருதுப் படங்களுக்குக் கிடையாது. ஆனா சேர்க்க மாட்டாங்க. ஏன்னா நமக்குப் பட்டியல்னா மரியாதை. பொன்னாடை போர்த்தற விஷயம்.

பட்டியலால் நடக்காதது

சரி, அமெரிக்கப் பட்டியல் இவ்ளோ புத்திசாலித்தனமா இருக்கே, அப்ப அதையே காப்பி அடிக்கலாமேன்னா, அதுக்கும் நான் தயாரில்லை.

ஸ்டார் வார்ஸ் 1989-ன் முதல் பட்டியலிலேயே இருக்கு. ஜார்ஜ் லூகாஸ் 1988-ல் காங்கிரஸ் முன்னாடி போய், கலைப் படைப்புகளைப் பிற்பாடு மாத்தறது அநாகரிகம்னு சாட்சி சொன்னவர். அதே லூகாஸ் 1997-ல் தன் படத்திலேயே காட்சிகளைச் சேர்த்து, மாத்தி வெளியிட்டார். அப்புறம் பெரும்பாலும் கடைக்கு வந்தது அந்த மாத்தின படம்தான். பட்டியலில் இருக்கிறது 1977-ல் வந்த படம். பட்டியல் அவரை ஒண்ணும் பண்ணலை, பண்ணவும் முடியாது. அது சொந்தக்காரனைக் கட்டுப்படுத்தற சட்டம் இல்லை.

அதைவிடப் பெரிய கணக்கு ஒண்ணு. 2013-ல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வெளியிட்ட ஆய்வுப்படி, அமெரிக்காவில் எடுத்த கிட்டத்தட்ட 11,000 முழுநீள மௌனப் படங்களில் 14 சதவீதம்தான் அதன் அசல் வடிவத்தில் மிச்சம். 70 சதவீதம் முழுசாக் காலி. பணம், ஸ்டுடியோ, நூலகம் எல்லாம் இருந்த நாட்டின் கதி இது.

அப்ப பிழைச்சதெல்லாம் எப்படிப் பிழைச்சது? 1912 வரைக்கும் அமெரிக்கக் காப்பிரைட் சட்டத்துல சினிமான்னு ஒரு வகையே கிடையாது. அதனால படத்தை ஃப்ரேம் ஃப்ரேமா நீளமான காகிதச் சுருள்ல ப்ரிண்ட் போட்டு, "இது புகைப்படம்"னு பதிவு பண்ணாங்க. வாங்கின ஆள் பதிஞ்சு அலமாரியில் வெச்சார். ஒரிஜினல் ஃபிலிம் எரிஞ்சும் உளுத்தும் போனப்புறம், அந்தக் காகிதத்திலிருந்து திரும்பப் படமாக்கினாங்க. 3,000-க்கும் மேல் படங்கள் இப்படிக் கிடைச்சது. எந்த நிபுணர் குழுவும் தேர்ந்தெடுக்கலை. யாரும் தேர்ந்தெடுக்காததாலதான் பிழைச்சது.

நம்ம பக்கத்துக் கதை இன்னும் ஜோர். 1930-களின் தொடக்கத்தில் சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை வெச்சு 'மார்த்தாண்ட வர்மா'ன்னு ஒரு மௌனப் படம் வந்தது. நாவலின் உரிமை திருவனந்தபுரம் கமலாலயா புக் டிப்போகிட்ட இருந்தது. அவங்க கேஸ் போட்டாங்க. பிரிண்ட் பதிப்பாளர் கைக்குப் போய் அங்கேயே முடங்கிடுச்சு. படம் எடுத்தவங்களுக்கு நஷ்டம்தான், பாவம். ஆனா 1974-ல் புனே காப்பகத்துக்கு அது கிடைச்சு, இன்னிக்கு மிஞ்சியிருக்கிற மிகச் சில தென்னிந்திய மௌனப் படங்களில் அதுவும் ஒண்ணு. கேஸ் எதுவும் சிக்காம ரிலீஸான 'விகதகுமாரன்', மலையாளத்தின் முதல் படம், கிடையாது. நம்ம பாரம்பரியத்தைக் காப்பாத்தினது ஒரு கோர்ட் கேஸ்!

நம்ம ஊர்க் கணக்கு

இந்தியாவின் முதல் பேசும் படம் 'ஆலம் ஆரா' (1931) இல்லை. புனே காப்பகத்தை உருவாக்கின பி.கே. நாயர் அதைத் தேடி அர்தேஷிர் இரானி வீட்டுக்கே போனார். ரீல்களிலிருந்து வெள்ளியைப் பிரிச்செடுத்துட்டு மிச்சத்தைத் தள்ளிவிட்டதா இரானியோட மகனே சொன்னாராம். முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' (1931) இல்லை. ஏ.கே. செட்டியார் உலகம் சுத்தி 50,000 அடி ஃபிலிம் சேர்த்து எடுத்த காந்தி ஆவணப்படம் 1940-ல் தமிழில் வந்தது. பல வருஷம் கழிச்சு ஆ.இரா. வேங்கடாசலபதி கண்டெடுத்தது 1953-ல் தயாரான அதன் ஆங்கில வடிவத்தை, அதுவும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில்.

நாயரைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். நல்ல படம், குப்பைப் படம்னு பிரிக்கிறது காப்பகக்காரன் வேலையில்லைங்கறது அவர் கொள்கை. கிடைச்சதை எல்லாம் சேர்த்தார். 'ராஜா ஹரிச்சந்திரா'வின் மிஞ்சின ரீல்களை நாம இன்னிக்குப் பார்க்க முடியறது அப்படிப்பட்ட பைத்தியக்காரத்தனத்தாலதான்.

2022 மே மாசம் மத்திய அரசு 363 கோடி ரூபாயில் சுமார் 2,200 படங்களைப் புதுப்பிக்கப் போறதா அறிவிச்சது. மொழிவாரியா கமிட்டி, அதுல வெற்றிமாறன், அஞ்சலி மேனன், அபர்ணா சென் மாதிரியானவங்க. நல்ல விஷயம், நான் குறை சொல்லலை. வகுத்துப் பாருங்க, படத்துக்குச் சுமார் பதினாறரை லட்சம். அவ்ளோ செலவாகிற வேலைக்குத் தேர்வு வேணும்தான். ஆனா கமிட்டி தேர்ந்தெடுக்காத படங்களின் கதி? அதைப் பத்தி எவனும் கேட்கலை. எல்லாரும் கேட்டது "எங்க ஹீரோ படம் லிஸ்ட்ல இருக்கா?"

டிஜிட்டல் வந்தப்புறம் ஃபிலிம் லேப் ஒண்ணொண்ணா மூடினாங்க. அங்கே டப்பா டப்பாவா நெகட்டிவ். தயாரிப்பாளர் கடன்ல ஊரை விட்டே போயிருப்பார், வாரிசுக்கு அப்பா படம் எடுத்ததே தெரியாது. நம்ம கடலோர ஈரக்காத்துல அசிடேட் ஃபிலிம் வினிகர் வாசனை அடிக்க ஆரம்பிச்சா, அது சுருங்கி வளைஞ்சு சாகப் போகுதுன்னு அர்த்தம். அந்த வாசனைக்கு கிளாசிக், மொக்கைன்னு வித்தியாசம் தெரியாது.

வழக்கமான கேள்விகள்

"குப்பைப் படத்தை எல்லாம் எதுக்குய்யா வெச்சுக்கணும்?" குப்பைன்னு இன்னிக்கு நீங்க சொல்றீங்க. ஒரு வாரம் ஓடின அந்தப் படத்துலதான் 1985-ன் மவுண்ட் ரோடு நிஜமா இருக்கு. செட் போடக் காசில்லாம தெருவுல எடுத்தானே, அதனால. பஸ் கலர், போர்டு, பொண்ணுங்க கட்டின புடவை, வசனத்துல வர்ற வட்டார வழக்கு எல்லாம் அதுலதான். பெரிய படத்துல இருக்கிறது ஆர்ட் டைரக்டரோட மவுண்ட் ரோடு.

"அதான் யூட்யூப்ல இருக்கே?" இருக்கு. விசிடியிலிருந்து உருவினது. மேல சேனல் லோகோ, கீழ ஃபோன் நம்பர், ரெண்டு பாட்டு அவுட், அகலத்திரைப் படத்துல ரெண்டு ஓரமும் வெட்டு. அது பாதுகாப்பு இல்லை, ஞாபகார்த்தம்.

"ஹார்ட் டிஸ்க்ல போட்டா முடிஞ்சது." பொட்டி தட்டுற பயலா இதுக்கு மட்டும் உரிமையோட சிரிச்சுக்கறேன். அலமாரியில் சும்மா வெச்ச டிஸ்க் பத்து வருஷம் கழிச்சுச் சுத்தும்னு எவன் சொன்னான்? ஆஸ்கர் அகாடமியின் 2007 அறிக்கை, ஒரு படத்தின் 4கே மாஸ்டரை டிஜிட்டலில் வெச்சுக்க வருஷத்துக்கு 12,514 டாலர், ஃபிலிமில் வெச்சுக்க 1,059 டாலர்னு கணக்குப் போட்டது. இன்னிக்கு டேட்டா விலை எவ்வளவோ இறங்கிடுச்சு. ஆனா வேலை இறங்கலை. சில வருஷத்துக்கு ஒரு தடவை புது டேப்புக்கு மாத்தணும், பிட்டு பிட்டாச் சரிபார்க்கணும். ரிஸ்டோர் பண்ணிப் பார்க்காத பேக்கப் பேக்கப்பே இல்லைன்னு எங்க வேலையில முதல் வாரமே சொல்லிக் கொடுப்பாங்க. இன்னொண்ணு: தியேட்டருக்குப் போற டிஜிட்டல் பிரதிக்கு வழக்கமா பூட்டு உண்டு. சாவி தனியா வரும், தேதி போட்டு வரும். சாவி தொலைஞ்சா அந்தப் படம் வெறும் செங்கல். நேத்து வந்த படம் 1954-ன் 'அந்த நாள்'ஐ விட வேகமாக் காணாமப் போகலாம்.

அப்ப என்னதான் செய்யணும்?

1. தியேட்டருக்கு வர்ற ஒவ்வொரு படமும் தணிக்கைச் சான்றிதழ் வாங்கித்தான் ஆகணும். அங்கேயே பூட்டில்லாத ஒரு முழுப் பிரதியை வாங்கிக் காப்பகத்துல சேர்க்கணும். விதிவிலக்கு கிடையாது, கமிட்டி கிடையாது. ஃபிரான்ஸ்ல சினிமாவுக்கும் இப்படிச் சட்டப்படியான ஒப்படைப்பு உண்டு.

2. பழைய நெகட்டிவ் எது கிடைச்சாலும் முதல்ல குளிர் அறைக்குள்ள வை. உரிமை யாருக்குங்கற சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்.

3. புதுப்பிக்கத் தேர்ந்தெடுக்கும்போது புகழை வரிசையாக்காதே, ஆபத்தை வரிசையாக்கு. ஒரே பிரதி இருக்கிறது, சொந்தக்காரன் இல்லாதது, அழுக ஆரம்பிச்சது முன்னாடி வரட்டும். சூப்பர்ஹிட் படத்தை அதை விக்கிற கம்பெனியே 4கே-யில் புதுப்பிச்சு ரீ-ரிலீஸ் பண்ணிக் காசு பார்த்துக்கும்.

4. எந்தப் படத்தின் பிரதி எங்கே, என்ன நிலையில் இருக்குன்னு எல்லாரும் பார்க்கிற மாதிரி வெளியிடு. இந்த ஒரு பட்டியலுக்கு மட்டும் என் முழு ஆதரவு உண்டு.

இதெல்லாம் நடந்தப்புறம் 25 படம் தேர்ந்தெடுக்கலாம், சண்டை போடலாம், நானும் வர்றேன். 1910-களின் பின்பாதியில் சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்'தான் தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். நான் பட்டியல் போட்டா முதல் பேர் அதுதான். எந்தக் கமிட்டியும் ஆட்சேபிக்காது.

போடறதுக்குப் படம்தான் இல்லை.