மஞ்சக் கடுதாசி கொடுத்தவனைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில், "அவன் மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டானாம்" என்றார் ஒருவர். பக்கத்து இலைவரை சிரிப்பு. அந்த 'அவன்' என்னிடம் படித்த பையன். அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

சிரித்தவர்களில் பாதிப் பேர் கணக்கு வைத்திருப்பது இந்தியன் வங்கியில். 1906இல் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி இந்த ஊர் நடுத்தரக் குடும்பங்களின் சேமிப்பு மூழ்கியது. அடுத்த வருஷம் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று தொடங்கிய வங்கி அது. நொடித்துப்போவது நம் பேட்டைக்குப் புதிதா என்ன?

பையனுக்குக் கொரோனாவில் கடை மூடியது. வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று கிரெடிட் கார்டு, ஆப் கடன், அம்மாவின் வளையல் என்று மூன்று வருஷம் கடனை அடைக்கக் கடன் வாங்கினான். முதல் வருஷமே கோர்ட்டுக்குப் போயிருந்தால் வளையலாவது மிஞ்சியிருக்கும். போகவிடாமல் தடுத்தது நம் நாக்கு.

சீட்டுப் பணத்தைச் சுருட்டியவனும் இதைத்தானே கொடுக்கிறான் என்பீர்கள். மோசடியால் வந்த கடனிலிருந்து இந்தச் சட்டம் விடுதலை தராது. சொத்தை ஒளித்தால் தண்டனை உண்டு.

ஆனால் சட்டத்தின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். மயிலாப்பூர், தி.நகர்க்காரர்களுக்கு இன்றும் 1909ஆம் வருஷச் சட்டம்தான். 500 ரூபாய் கடன் இருந்தாலே உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம். திவாலானவர் என்று உத்தரவு வந்தால் சொத்து அஃபீஷியல் அசைனி கைக்குப் போகும். அதன்பின் கடன்காரர்கள் கோர்ட் அனுமதியில்லாமல் தனித்தனியாக வழக்குப் போட முடியாது. அடமானம் வாங்கியவருக்கு மட்டும் இந்தத் தடை இல்லை. ஜாமீன் போட்டவரும் தப்ப முடியாது, கையெழுத்துப் போடும் மாமாக்கள் கவனிக்க! பாத்திரம், படுக்கை, துணி, தொழில் கருவி எல்லாம் சேர்த்து அன்று விட்டுவைத்தது 300 ரூபாய்க்கு. இன்று ஒரு நல்ல குக்கர் வருமா அதற்கு?

2016இல் புதுச் சட்டம் வந்தது. கம்பெனிகளுக்கு உடனே அமல். தனி மனிதருக்கான பகுதி 2019இல் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் வந்தது. ஏழைகளுக்கான 'புதுத் தொடக்கம்' என்ற பிரிவிலோ கடன் வரம்பு 35,000 ரூபாய். பாண்டி பஜாரில் ஒரு முகூர்த்தப் புடவை விலை. அதுவும் காகிதத்தில்தான். முதலாளிக்கு ஒரு நியாயம், மளிகைக் கடைக்காரனுக்கு வேறொன்றா? அந்தப் பகுதியை அமலுக்குக் கொண்டுவாருங்கள், வரம்பை உயர்த்துங்கள் என்று எம்.பி.யிடம் கேளுங்கள்.

கோர்ட்டுக்குப் போகுமுன் வங்கியிடம் தவணையை மாற்றிக் கேட்கலாம், லோக் அதாலத்தில் பேசித் தீர்க்கலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, எண் 15100. வசூல்காரர்கள் காலை 8க்கு முன்னும் இரவு 7க்குப் பின்னும் போன் செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. மீறினால் முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள், பிறகு ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மன்.

உங்களில் யாருக்காவது இந்த நிலைமை என்றால் இன்பாக்ஸில் எழுதுங்கள். ஹைகோர்ட்டுக்குக் கூட வருகிறேன். அந்தப் பையனுடன் வியாழக்கிழமை போகிறேன்.